சாலை விபத்துக்குப் பிறகு மனம் தேறவும் வளரவும்: படிப்படியான வழிகாட்டி

விபத்தில் சிக்கி உயிரோடு வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள், பழப்பையைக் கட்டில் ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லும் வாக்கியம் ஏறக்குறைய ஒன்றுதான்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று." எனக்கு அதைச் சொன்னவர் என் பெரியப்பா. வலது தொடை எலும்பில் கம்பி வைத்துப் படுத்திருந்த நான் தலையை ஆட்டினேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை, கண்ணை மூடினால் லாரியின் முன்விளக்கு முகத்தில் அடிக்கிறது என்று சொல்ல வாயெடுத்த எனக்கு, அந்த வாக்கியத்துக்குப் பிறகு அதைச் சொல்ல இடமில்லாமல் போயிற்று.

தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே அதுதான் அதிகம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. உடலுக்கு இப்படி ஒரு கணக்கு உண்டு. மனத்துக்கு அப்படி யாரும் கணக்கு வைக்கவில்லை. என் வரையில் அதற்கு இரண்டரை ஆண்டு பிடித்தது. அதில் பாதிக் காலம் வீணாய்ப் போனதற்குக் காரணம், எதை முதலில் செய்வது, எதைப் பின்னுக்குத் தள்ளுவது என்ற வரிசை தெரியாததுதான். அந்த வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: 'வளர்ச்சி' என்பது எது

அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டெடெஸ்கி, லாரன்ஸ் கல்ஹூன் என்ற இரு உளவியலாளர்கள், பெரும் இழப்பையோ ஆபத்தையோ கடந்து வந்தவர்களில் பலர் பிறகு பழைய நிலைக்குத் திரும்புவதோடு நிற்காமல் சில வகைகளில் மாறியும் போகிறார்கள் என்று கண்டு, 1990களின் நடுவில் அதற்குப் 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய வளர்ச்சி' என்று பெயரிட்டார்கள். 1996இல் அவர்கள் வெளியிட்ட 21 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியல் அந்த மாற்றத்தை ஐந்து இடங்களில் தேடுகிறது: பிறரோடு உள்ள நெருக்கம், புதிதாகத் திறக்கும் வழிகள், தன் பலத்தைப் பற்றிய அறிவு, ஆன்மிகத்தில் வரும் மாற்றம், வாழ்வின் அருமை தெரிதல். அவர்கள் சொன்னவற்றில் முக்கியமானதும் அடிக்கடி விட்டுவிடப்படுவதும் ஒன்று உண்டு. விபத்து யாரையும் வளர்ப்பதில்லை. விபத்துக்குப் பிறகு மனம் நடத்தும் போராட்டத்தில்தான் வளர்ச்சி பிறக்கிறது. ஆகவே இரவில் அலறி எழுகிறவரும் பகலில் முன்னைவிடப் பக்குவமாகப் பேசுகிறவரும் ஒரே ஆளாக இருக்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆந்திரியாஸ் மேர்க்கர், தான்யா ஸெல்னர் என்ற உளவியலாளர்கள் 2004இல், இந்த வளர்ச்சிக்கு இரண்டு முகங்கள் இருப்பதாக எழுதினார்கள். ஒன்று மெய்யான மாற்றம். மற்றொன்று, வலியைப் பார்க்காமல் இருப்பதற்காக மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். எனக்கு முதலில் வாய்த்தது இரண்டாவது முகம்தான். மூன்றாவது வாரத்திலேயே "இந்த விபத்து எனக்குக் கிடைத்த வரம்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதே நாள்களில் தெருவில் லாரி போனால் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். வளர வேண்டும் என்ற கடமை அடிபட்டவருக்குக் கிடையாது. அது வந்தால் வரட்டும் என்று ஓரமாக வைத்துவிட்டு, கீழே உள்ளவற்றை வரிசையாகச் செய்வதே நல்லது.

முதல் படி: முதல் நான்கு வாரங்கள்

இந்தக் காலத்தில் விபத்து திரும்பத் திரும்பக் கண்முன் ஓடுவதும், சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப்போடுவதும், எரிச்சலும், எதிலும் ஒட்டாத மரத்த தன்மையும் பெரும்பாலோருக்கு வரக்கூடியவை. அவை நோயின் அடையாளம் அல்ல. பலருக்கு வாரங்கள் செல்லச் செல்லத் தாமாகவே குறைந்துவிடும். செய்ய வேண்டியது எளியது: வேளைக்குச் சாப்பாடு, மருத்துவர் அனுமதித்த அளவுக்கு உடலசைவு, தினமும் ஒரே நேரத்தில் படுக்கை, பிசியோதெரபியை ஒரு நாளும் தவறவிடாமை. வலியை அடக்கிக்கொண்டு படுத்திருப்பது வீரம் அல்ல. வலி ஆறாத உடம்பில் பயமும் ஆறாது.

செய்யக் கூடாதவை மூன்று. முதலாவது, நடந்ததை உடனே விரிவாகச் சொல்ல வைப்பது. கொட்டித் தீர்த்தால் பாரம் குறையும் என்று நம் வீடுகளில் மட்டுமல்ல, ஒரு காலத்தில் மருத்துவமனைகளிலும் நம்பினார்கள். ஆக்ஸ்போர்டில் ரிச்சர்ட் மேயூ என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் சாலை விபத்தில் அடிபட்டவர்களில் ஒரு பகுதியினரை விபத்து நடந்த உடனேயே உட்காரவைத்து முழுவதையும் பேசவைத்தார்கள், மற்றவர்களை விட்டுவிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பேசவைக்கப்பட்டவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. அடிபட்டவர் தானாகச் சொன்னால் கேளுங்கள், தோண்டாதீர்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்லும் வேலையை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொள்வது பெரிய உதவி. எங்கள் வீட்டில் அதை என் மைத்துனர் செய்தார், வாசலிலேயே நிறுத்தி.

இரண்டாவது, தூக்க மாத்திரை. அதிர்ச்சிக்கும் அதனால் வரும் தூக்கமின்மைக்கும் முதல் மாதத்தில் பென்சோடையசெபைன் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்பதே 2013இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடுவதும், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக்கொடுத்ததைப் பகிர்வதும் கூடாது. மூன்றாவது, மது. வலிக்கு என்று தொடங்கி அது தங்கிவிடும்.

இரண்டாம் படி: ஒரு மாதம் கழித்து ஒரு கணக்கெடுப்பு

விபத்து நடந்து ஒரு மாதம் ஆனதும் அமைதியாக உட்கார்ந்து நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அழைக்காமலே அந்தக் காட்சி வருகிறதா? அதை நினைவூட்டும் இடம், பேச்சு, ஆள்களைத் தவிர்க்கிறேனா? என்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் என் எண்ணம் இருண்டுவிட்டதா? உடம்பு எப்போதும் காவலுக்கு நிற்பதுபோல் விறைப்பாகவே இருக்கிறதா? நான்கும் இன்னமும் தொடர்ந்து, வேலையையும் வீட்டையும் கெடுக்கின்றன என்றால் இது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் (பி.டி.எஸ்.டி.) என்று இதற்குப் பெயர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 1980இல்தான் இதை ஒரு தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது.

தலையில் அடிபட்டவர்களின் வீட்டார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மறதி, காரணமில்லாத கோபம், குணமே மாறியது போன்ற நடத்தை ஆகியவை மூளைக் காயத்தாலும் வரலாம். "அதிர்ச்சியில் அப்படி இருக்கிறான்" என்று விட்டுவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களும் இருக்கிறார்கள். முதலில் பேசிப் பார்க்க நினைப்பவர்கள் மத்திய அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணிலும், தமிழ்நாட்டு அரசின் மருத்துவ உதவி சேவையை 104 என்ற எண்ணிலும் அழைக்கலாம். இலங்கையில் இருப்பவர்களுக்குத் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் எந்தப் படிக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே பேசுங்கள்.

அங்கே என்ன செய்வார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. என் அம்மா அதை இன்றுவரை "நரம்பு டாக்டர்" என்றே அக்கம்பக்கத்தில் சொல்லிவருகிறார், நான் திருத்தவில்லை. அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். ஆகிய இரண்டுக்கும் வலுவான சான்றுகள் உள்ளன. தேவைப்பட்டால் மாத்திரையும் சேரும். இனி வரும் படிகளைச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம். அதற்கு மாற்றாகச் செய்யக் கூடாது.

மூன்றாம் படி: அன்றையும் இன்றையும் பிரித்தறிதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

எங்கள் வண்டி பள்ளத்தில் சரிந்த பிறகு அந்த லாரி நின்றது. நிற்கும்போது காற்றுப் பிரேக் 'புஸ்' என்று பெருமூச்சு விட்டது. விபத்தில் எனக்கு முழுதாக நினைவிருக்கும் சத்தம் அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு காலையிலும் காரணம் தெரியாமல் நெஞ்சு படபடத்து உள்ளங்கை வியர்த்தது. இதயத்தில் கோளாறு என்று நினைத்து ஈசிஜிகூட எடுத்தோம். ஒருநாள் என் மனைவிதான் கண்டுபிடித்தாள்: குக்கரில் ஆவி வெளியேறும் நேரமும் எனக்குப் படபடப்பு வரும் நேரமும் ஒன்று. மூளை அந்தச் சத்தத்தை ஆபத்தோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்தது. எந்த ஊர், எந்த நாள் என்று அது பார்ப்பதில்லை; சத்தம் ஒத்துப்போனால் போதும்.

ஆகவே ஒரு வாரம் சிறு குறிப்பேடு வைத்துக்கொண்டு, படபடப்பு வரும்போதெல்லாம் அந்த நேரத்தில் கேட்டது, பார்த்தது, முகர்ந்தது எது என்று எழுதுங்கள். ஈரத் தார் மணம், பெட்ரோல் நெடி, ஒரு குறிப்பிட்ட வெளிச்சம் என்று ஏதாவது ஒன்று அகப்படும். அகப்பட்டதும், அதே சத்தத்தை வேண்டுமென்றே கேட்டுக்கொண்டு, அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடுகளை வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, "இது குக்கர், இது பருப்பு, இது என் வீடு, வெளியே வெயில் அடிக்கிறது" என்று சொன்னேன். மகள் சிரித்தாள். பத்துப் பன்னிரண்டு நாளில் உள்ளங்கை வியர்ப்பது நின்றது.

அடுத்தது சாலை. எலும்பு மருத்துவர் அனுமதி கொடுத்த பிறகு, பயம் குறைவான செயலில் தொடங்கிக் கூடிய செயலில் முடியும்படி ஏழெட்டுப் படிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். என் தாளில் இருந்தவை இவை: ஸ்டாண்டு போட்ட வண்டியில் உட்கார்வது, எஞ்சினை ஓடவிட்டு உட்கார்வது, மைத்துனர் ஓட்டப் பின்னால் உட்கார்ந்து தெருமுனைவரை போவது, பகலில் பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்து நெடுஞ்சாலையில் போவது, லாரிகள் நிற்கும் டீக்கடையில் அரை மணி நேரம் இருப்பது, தெருவுக்குள் நானே ஓட்டுவது, கடைசியில், பகலில், துணையோடு, விபத்து நடந்த இடத்துக்குப் போவது. ஒவ்வொரு படியிலும் பயத்துக்கு 0 முதல் 10வரை மதிப்பெண் போட்டு, அது பாதியாகக் குறையும்வரை அங்கேயே இருங்கள். உச்சத்தில் இருக்கும்போது எழுந்து ஓடினால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் கற்றுக்கொள்ளும். ஒரு படியைச் சலிப்புத் தட்டும்வரை செய்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஓட்டுகிறவரின் சட்டையைப் பிடிப்பது, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவது, காரில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதிப்பது ஆகியவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். அவை காப்பாற்றுவதுபோல் தோன்றினாலும் பயத்துக்குத் தீனி போடுகின்றன. ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் இந்தக் கணக்கில் சேரா. அவை எப்போதும் வேண்டியவை.

விபத்து நடந்த இடத்துக்குப் போவது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் அங்கே போய் நின்றபோதுதான் அது ஒரு சாதாரண வளைவு என்பது எனக்குத் தெரிந்தது. கனவில் அது கிணறுபோல் இருந்தது. நேரில் முழங்கால் உயரப் பள்ளம், அதில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் இந்தக் காலத்துப் பலவீனம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. 1865 ஜூன் 9 அன்று இங்கிலாந்தில் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் என்னும் இடத்தில் ரயில் தடம்புரண்டு பத்துப் பேர் இறந்தபோது, அதில் பயணம் செய்த எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் காயமின்றித் தப்பி, அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ரயில் சற்றுக் குலுங்கினாலும் அவர் இருக்கையை இறுகப் பற்றிக்கொள்வார் என்று அவருடைய பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். சரியாக ஐந்தாண்டு கழித்து, அதே ஜூன் 9 அன்று, அவர் இறந்தார். அதுவரை அந்தப் பயம் அவரை விடவில்லை.

நான்காம் படி: பத்துக் காசுக் கணக்கு

பயம் அடங்கிய பிறகு எஞ்சுவது பழி. அன்றைக்குக் கிளம்பாமல் இருந்திருந்தால், அந்த டீயைக் குடித்துவிட்டு வந்திருந்தால் என்று மனம் ஒரே தடத்தில் சுற்றும். கூட வந்தவர் இறந்து தான் பிழைத்தவருக்கு இது இன்னும் கொடியது. அவர்கள் இந்தப் படியைத் தனியாகச் செய்யாமல் ஆலோசகரோடு செய்வது நல்லது. என் விஷயத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த மனைவிக்கு மணிக்கட்டு முறிந்தது. இரவிலேயே ஊர் திரும்ப வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். ஆகவே எல்லாப் பழியும் என்னுடையது என்று பல மாதம் இருந்தேன்.

பத்து ஒரு ரூபாய்க் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குக் காரணமான ஒவ்வொன்றையும் தனித்தனிச் சீட்டில் எழுதி வரிசையாக வையுங்கள். உங்கள் பெயர் எழுதிய சீட்டு கடைசியில் இருக்க வேண்டும். அதுதான் இதன் சூட்சுமம். முதலில் மற்றச் சீட்டுகளுக்குரிய காசை வைத்துவிட்டு, மிஞ்சியதை உங்கள் சீட்டில் வையுங்கள். நான் வைத்தபோது, பேருந்தை முந்திக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்த லாரிக்கு நான்கு, ஹை பீமுக்கு இரண்டு, விளக்கில்லாத வளைவுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று போயின. எனக்கு இரண்டு மிஞ்சின: தேய்ந்த டயர், பிடிவாதம். அவை இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். டயரை மாற்றினேன், இரவுப் பயணத்தை விட்டேன். பத்துக் காசுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தவனுக்கு, இரண்டு காசுக்குச் செய்ய வேலை இருந்தது.

விதி, திருஷ்டி, கிரகம் என்று வீட்டார் சொல்வதைச் சிரித்து ஒதுக்க வேண்டாம். பூசணிக்காய் சுற்றி உடைத்த அன்று என் அம்மா நிம்மதியாகத் தூங்கினார். ஆனால் "நீ செய்த பாவம்" என்று ஒருவர் சொன்னால் அங்கே பேச்சை நிறுத்துங்கள். அது ஆறுதல் இல்லை.

எழுத வருகிறவர்களுக்கு இன்னொரு கருவி உண்டு. 1980களில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், ஆழமாகப் பாதித்த நிகழ்வைப் பற்றிய உண்மையான உணர்வுகளை மாணவர்களை எழுதவைத்தார். எழுதும் நாள்களில் மனம் கனத்தாலும், அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. இலக்கணம் பார்க்க வேண்டாம். கிழித்துப் போட்டாலும் சரி. முதல் மாதத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இழப்பீட்டு வழக்கு நடக்கிறவர்களுக்கு இதில் கூடுதல் பயன் இருக்கிறது. தீர்ப்பாயத்தில் சாட்சி சொல்லும் நாளில் முதன்முறையாக முழுக் கதையையும் வாய்விட்டுச் சொல்வது பெரும் வாதை. முன்பே எழுதி, நம்பிக்கையான ஒருவரிடம் இரண்டு முறை படித்துக்காட்டியிருந்தால் குரல் உடையாது.

ஐந்தாம் படி: உதவி வாங்கப் பழகுதல்

வளர்ச்சி என்று பின்னால் நான் உணர்ந்தவற்றில் பெரும்பகுதி இங்கேதான் கிடைத்தது. இதைப் பற்றி நீட்டி எழுதக் கூச்சமாக இருக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் என்னைக் குளிப்பாட்டியவர், நான் பத்து ஆண்டாகச் சரியாகப் பேசாத என் தம்பி. வாளித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்துச் சூடு சரியா என்று கேட்பான்; அவ்வளவுதான் எங்கள் பேச்சு. செய்ய வேண்டியது இது: "ஏதாவது வேணுமா?" என்று கேட்பவரிடம் "ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லாமல், கரண்ட் பில் கட்டுவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது என்று குறிப்பான ஒரு வேலையைக் கேளுங்கள். யார் தங்குகிறார்கள், யார் நழுவுகிறார்கள் என்பது தெரியும். நழுவியவர்களைப் பகைக்க வேண்டியதில்லை. பலருக்கு அடிபட்டவரைப் பார்க்கவே பயம்.

ஆறாம் படி: பயன்படுகிற ஒன்றைக் கையில் எடுத்தல்

2007இல் டெல்லியில் தம் உறவுக்காரச் சிறுவன் அடிபட்டுச் சாலையோரம் உதவியின்றிக் கிடந்து இறந்ததற்குப் பிறகு, பியூஷ் திவாரி என்பவர் 2008இல் சேவ்லைஃப் என்னும் அமைப்பைத் தொடங்கினார். உதவ வருகிறவர்களைப் போலீசும் நீதிமன்றமும் அலைக்கழிக்கக் கூடாது என்று அது தொடுத்த பொதுநல வழக்கின் வழியாக 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு கிடைத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவாகவும் அது இடம்பெற்றது. இன்று அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்க்கிறவர் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

எல்லோரும் அமைப்பு தொடங்க வேண்டும் என்று இதற்குப் பொருள் அல்ல. முதலுதவி கற்றுக்கொள்ளலாம், ரத்தம் கொடுக்கலாம், விளக்கில்லாத வளைவுக்கு மனு எழுதலாம். நான் மூன்று மனு எழுதினேன். விளக்கு இன்னும் வரவில்லை, ஒளிரும் பலகை ஒன்று வந்திருக்கிறது. ஆனால் இந்தப் படியை ஐந்துக்கு முன்னால் செய்யாதீர்கள். தன் பயத்தைப் பார்க்காமல் சேவைக்கு ஓடுவது, மேலே சொன்ன இரண்டாவது முகத்தின் வேலைதான்.

ஏழாம் படி: ஆண்டு நாளில் ஒரு சோதனை

விபத்து நடந்த தேதி நெருங்கும் வாரத்தில் தூக்கம் கெடும், காரணமின்றிச் சண்டை வரும். நாள்காட்டியில் முன்பே குறித்து வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். அன்றைக்கு ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் போனவற்றையும் மறுபக்கம் வந்தவற்றையும் எழுதுங்கள். போனவற்றின் பக்கம் நீளமாக இருப்பது தவறு இல்லை. வந்தவற்றின் பக்கத்தில் எழுதுவதை மட்டும் வீட்டில் ஒருவரிடம் காட்டி, "இது உனக்குத் தெரிகிறதா?" என்று கேளுங்கள். பிறர் கண்ணுக்குப் படாத மாற்றத்தை நான் அடித்துவிடுவேன். "பொறுமை கூடியது" என்று முதல் ஆண்டு எழுதியதை என் மகள் அடித்தாள். மூன்றாம் ஆண்டு விட்டுவைத்தாள்.

அன்று மாலை நாங்கள் அந்த வளைவுக்குப் பக்கத்திலுள்ள டீக்கடைக்குப் போகிறோம். விபத்து நடந்த இரவு சோடாவை உடைத்து என் முகத்தில் தெளித்தவர் அந்தக் கடைக்காரர்தான். என் மனைவி சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்து, போகிற லாரிகளின் பின்னால் எழுதியிருப்பதை எனக்குப் படித்துக்காட்டுவாள். எனக்கு இன்னமும் சாலைக்கு முதுகு காட்டி உட்காரத்தான் வருகிறது.